இருக்கேன் சாமி

ஏரிக்கரைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள் மத்தியானம். துரை ஒருவர். சுமை தூக்க நாங்கள் ஏழு பேர். பெரியகுளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து ஏற்றம்தான். கோடைக்கானலைத் தாண்டிய பிறகு பாதை என்று ஒன்று கிடையாது. புல்லைப் பிடித்து ஏறினோம், வேரைப் பிடித்து இறங்கினோம். கூடாரம், சாராயப் புட்டிகள், தூண்டில் கம்புகள், தகரப் பெட்டிகள் எல்லாம் எங்கள் தலையில். அட்டை கடித்த காலில் ரத்தம் காய்ந்து கருப்பாகிவிட்டது.

அந்த ஏரிக்குப் பேர் இல்லை. மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை. ஒரு பக்கம் மட்டும் கரை. கரையில், எப்போதோ எவரோ கட்டிப் போட்ட பலகை வீடு. தண்ணீர் கருப்பாக இருந்தது. காற்று அடித்தும் அலை எழவில்லை. ஈரப் பாசியின் வாடை மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

துரை வந்தது மீன் பிடிக்க. டிரவுட்டு என்று ஒரு சீமை மீன். வருஷங்களுக்கு முன்னால் குஞ்சாகக் கொண்டுவந்து இந்தத் தண்ணீரில் விட்டிருக்கிறார்கள். மண்புழுவெல்லாம் அதற்கு ஆகாது. இறகும் பட்டு நூலும் வைத்துக் கட்டிய பொய்ப் பூச்சியைத் துரை தண்ணீர்மேல் பறக்க விடுவார். மீன் அதை நிஜம் என்று நம்பி வாயைத் திறக்கும். முதல் மீனை நான்தான் வலையில் வாங்கினேன். உடம்பெல்லாம் அம்மை போட்டது மாதிரி செம்புள்ளிகள்.

பேயாண்டி எட்டிப் பார்த்தான். "மாப்ள, சீமையிலருந்து வந்து நம்ம ஊருத் தண்ணியில திரியுதே, இதுக்கு ரேகை எடுத்தாகளா?"

"எடுக்கல மச்சான்."

"அதான் அதுபாட்டுக்குத் திரியுது."

சிரித்தோம். எங்கள் ஏழு பேருக்கும் ரேகை எடுத்திருந்தார்கள்.

அது தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். செக்கானூரணிக்கு மேற்கே எங்கள் ஊர். அந்தப் பக்கத்தில் எங்கள் சாதியில் ஆம்பளையாகப் பிறந்தவன் திருடினானோ இல்லையோ, கைரேகையைப் புத்தகத்தில் ஒற்றிவிடுவார்கள். அதன்பிறகு தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சாவடிக்குப் போக வேண்டும். ஏட்டு பேர் வாசிப்பார். "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். விடியும் வரை அங்கேயே படுத்துக் கிடக்க வேண்டும். கல்யாணம் ஆனவனுக்கும் அதே கதிதான். வெளியூர் போவதென்றால் ராதாரிச் சீட்டு வேண்டும். சீட்டில் போட்ட நாளைத் தாண்டினால் விலங்கு.

மதுரையில் ஒரு மில்லில் ராத்திரி ஷிப்டுக்கு நான் போய்க்கொண்டிருந்தவரை எனக்குச் சாவடி இல்லை. மில் சீட்டு இருந்தது. ஒருநாள் கண்ணைத் திறந்தபடியே தூங்கினேன். பக்கத்தில் நின்றவனுக்கு மிஷினில் இரண்டு விரல் போயிற்று. மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. அதன்பிறகு என் பேரும் சாவடிப் புத்தகத்துக்கு வந்தது. சிவனாண்டி. பேயாண்டிக்கு அடுத்த பேர்.

சாவடியில் அறுபது பேர். ஒரு லாந்தர். ஏட்டு தலை நிமிர மாட்டார். அவருக்குக் குரல் வந்தால் போதும். எனவே எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தன் வீட்டில் தங்கினால் இன்னொருத்தன் அவன் குரலில் பதில் கொடுப்பான். பேயாண்டிக்குக் கல்யாணமாகி ஆறு மாசம். பாதி நாள் அவன் குரல் நான்தான். அவன் முதலில் தொண்டையைச் செருமுவான். "க்கும்... இருக்கேன்." சாமி போட மாட்டான். திமிர். நான், "இருக்கேன் சாமி." அவன் எனக்காகச் சொல்லும்போது அந்தச் சாமியை இழுத்துச் சொல்லி என்னைக் கேலி பண்ணுவான். அச்சு அசலாக என் குரல்தான்.

துரை, மில் ஒன்றில் பாய்லர் பார்க்கிற இன்ஜினியர். பெரிய அதிகாரிகளோடு சீட்டு விளையாடுகிறவர். கிளம்புவதற்கு முன்னால் எங்களை வரிசையாக நிறுத்தி, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "ஏழு பேர் போகுது. ஏழு பேர் வரணும். நான் லெட்டர் எழுதறேன். பேர் அடிச்சிடுவாங்க. ஒரு ஆள் குறைஞ்சா லெட்டர் கிடையாது."

சாவடிப் புத்தகத்திலிருந்து பேரை அடித்துவிடுவார்கள். அதற்காக மலையையே தூக்கி வரச் சொல்லியிருந்தாலும் தூக்கியிருப்போம். என் வீட்டில், என் பெண்டாட்டி ஒச்சாயி பக்கத்தில், பொழுது விடியும் வரை படுத்திருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

நாலாம் நாள் உச்சிப் பொழுதில் துரை பேயாண்டியை அக்கரைக்கு அனுப்பினார். பாறை ஓரமாகச் சுற்றிப் போய், கம்பால் தண்ணீரை அடித்து மீனை இக்கரைக்கு விரட்ட வேண்டும். அவன் போனான். வெகுநேரம் அடிக்கிற சத்தம் கேட்டது. துரைக்கு முழங்கை நீளத்தில் ஒரு மீன் மாட்டியது. மனுஷர் குதித்தார். அதோடு தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு பலகை வீட்டுக்குள் போய்க் கணப்பு முன்னால் உட்கார்ந்துவிட்டார். கதவைச் சாத்தியாயிற்று. மற்ற நாலு பேர் வீட்டுக்குப் பின்னால், ஏரிச் சத்தம் எட்டாத இடத்தில் சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கரைக்குப் போனவனைத் திரும்பி வரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

பனி சூழ்ந்தது. மலையில் பனி மேலேயிருந்து வராது. தண்ணீரிலிருந்து எழுந்து வரும். முதலில் பாறை மறைந்தது. பிறகு ஏரி. பிறகு என் கால்.

நானும் நல்லகாமனும் கரையில் குந்தி மீன் குடலை உருவிக்கொண்டிருந்தோம். நல்லகாமன் எங்களுக்கு மேஸ்திரி. வயதில் மூத்தவர். எல்லாருக்கும் அண்ணன்.

அப்போதுதான் குரல் வந்தது.

"மாப்ள... மாப்ளேய்..."

தண்ணீர்மேல் வருகிற குரல் பக்கத்தில் நின்று பேசுவது மாதிரி இருக்கும்.

"பாறைக்கு நடுவுல காலு மாட்டிக்கிருச்சு. எலும்பு போச்சுடா. இடுப்பு வரைக்கும் தண்ணி. வாங்கப்பா..."

மேஸ்திரியின் கத்தி நின்றது.

"அண்ணே, பேயாண்டி."

"கேட்டுச்சு."

"போயிட்டு வாரேன்."

"எங்கிட்டுப் போவ? ஓங்கை ஒனக்குத் தெரியுதா? இதுல பாறையச் சுத்திப் போனா நீயும் விழுவ. தண்ணியில எறங்குனா வெரச்சுப் போயிருவ."

"அதுக்காக விட்டுட்டு..."

அவர் குரலைத் தாழ்த்தினார். "சொல்றதக் கேளு. காலொடிஞ்சவனக் கம்புல கட்டித் தூக்கணும். நாலு ஆளு வேணும். அந்தச் சரிவுல அவனத் தூக்கிக்கிட்டு சனிக்கெழம பொழுதுக்குள்ள ஊரு போய்ச் சேருவமா? சீட்டு முடிஞ்சா ஏழு பேருக்கும் விலங்கு. கடுதாசியும் போச்சு. நீ ஒம் பொண்டாட்டிகூடப் படுத்து எம்புட்டு நாளாச்சு?"

நான் அடுத்த மீனை எடுத்துக் குடலை உருவினேன்.

"காலையில பாப்பம். வயசுப் பய. தாங்குவான்."

அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். என் பேரைச் சொல்லவில்லை. மாப்ள, மாப்ள என்றுதான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் துரை கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கு வந்தார். ஊரில் ஏட்டு செய்வதை மலையில் அவர் செய்ய வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தது. அவர் வந்த நேரம் அக்கரையில் சத்தம் இல்லை. அவன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும். நாங்கள் கம்பளியை முக்காடு போட்டுப் பனிக்குள் நின்றோம். நிற்பது ஆளா கட்டையா என்று தெரியாது. துரை பென்சிலை நாக்கில் தொட்டுச் சீட்டைப் பார்த்தே வாசித்தார்.

"நல்லாகாமன்."

"இருக்கேன்."

"பேயான்டி."

பென்சில் காத்திருந்தது. மேஸ்திரி என் முழங்கையைத் தொட்டார்.

நான் தொண்டையைச் செருமினேன்.

"க்கும்... இருக்கேன்."

பென்சில் சரக்கென்று ஒரு கோடு போட்டது. மற்ற நாலு பேருக்கும் அது என் குரல் என்று தெரியும். ஊரில் நடக்கிற வழக்கம்தான் என்று இருந்துவிட்டார்கள்.

அடுத்து என் பேர். "இருக்கேன் சாமி" என்றேன்.

துரை உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார். நான் காதைக் கொடுத்தபடி நின்றேன். கூப்பிடுவான் என்று நின்றேன்.

கூப்பிடவில்லை.

தண்ணீர்மேல் குரல் அக்கரையிலிருந்து இக்கரைக்கு வரும் என்றால், இக்கரையிலிருந்து அக்கரைக்கும் போகும். அவன் பேரை வாசித்ததை அவன் கேட்டிருக்கிறான். அவன் குரலில் பதில் போனதையும் கேட்டிருக்கிறான். யார் கொடுத்தது என்று அவனுக்குத் தெரியும்.

அதன்பிறகு அவன் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

விடிந்தது. புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. மற்றவர்களிடம் மேஸ்திரி, பேயாண்டியைத் துரை முன்னாலேயே ஒரு மூட்டையோடு இறக்கிவிட்டதாகச் சொல்லி அவர்களை முதலில் அனுப்பினார். துரையிடம், அவன் விடியுமுன்னே மூட்டையோடு முன்னால் போய்விட்டான் என்றார்; துரையும் அவர்களோடு போனார். நானும் மேஸ்திரியும்தான் கடைசி. மீன் பெட்டியை ஈரப் பாசி போட்டுக் கட்டிக்கொண்டிருந்தோம்.

"சத்தமில்ல பாத்தியா. முடிஞ்சிருச்சு," என்றார். "செத்தவனுக்காக ஏழு குடும்பத்தக் கெடுக்க முடியாது."

அப்போது பனி ஒரு நொடி விலகியது.

அவன் இருந்தான். பாறை இடுக்கில், இடுப்பளவு தண்ணீரில், நிமிர்ந்து. முகம் சுண்ணாம்பு பூசியது மாதிரி இருந்தது. கண் எங்களைத்தான் பார்த்தது. கத்தவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம்தான் இல்லை.

அவன் கையைத் தூக்கினான்.

நான் பெட்டியைத் தூக்கினேன்.

இதைக் கூட்டிக் குறைத்துச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நடந்தது இதுதான்.

வழியில் அந்த நாலு பேரும் கேட்டார்கள். மேஸ்திரி, "எங்கிட்டோ நழுவிட்டான். வாயத் தொறந்தா ஒங்களுக்கும் கடுதாசி கெடையாது. சாவடியில சிவனாண்டி குரல் குடுப்பான்," என்றார். அவர்கள் தலையை ஆட்டினார்கள். சனிக்கிழமை பொழுது சாய ஊர் போய்ச் சேர்ந்தோம். ஏட்டு வாசித்தார். நான் இரண்டு பேருக்கும் குரல் கொடுத்தேன். புத்தகத்தின்படி ஏழு பேரும் உயிரோடு மலையிலிருந்து திரும்பிவிட்டோம். மறுநாள் பேயாண்டி ஊரை விட்டு ஓடிப்போனான். புத்தகத்தின்படி.

அதனால் யாரும் மலையில் போய் அவனைத் தேடவில்லை.

மாசிக் கடைசியில் கடுதாசி வேலை செய்தது. எங்கள் ஆறு பேர் பேரையும் சிவப்பு மையால் அடித்தார்கள். அன்றைக்குப் பொழுது சாய நான் வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒச்சாயி, "இந்தாங்க, நேரமாச்சே, போகலையா?" என்றாள்.

"இனிமே போக வேண்டாம்."

அவள் அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதாள். எனக்குப் பாயில் தூக்கம் வரவில்லை. பாசி வாடை அடித்தது. கையை எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

ஓடிப்போனவன் குடும்பத்தைச் சும்மா விட மாட்டார்கள். பேயாண்டி பெண்டாட்டி மாயக்காளைத் தினமும் ஸ்டேஷன் வாசலில் வெயிலில் உட்கார வைத்தார்கள். ஒருநாள் அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். உதடு வெடித்திருந்தது. தண்ணீர் கொடுத்தாலும் வாங்கவில்லை.

"அண்ணே, அவரு மலையெறங்கி வந்தாரா?"

"வந்தான் தாயி."

"கண்ணால பாத்தீகளா?"

"ஏட்டு பேர் வாசிச்சாருல்ல. குரல் குடுத்தான்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இமைக்கவில்லை.

"அவரு எங்கூட வீட்டுல இருந்தப்ப எல்லாம் சாவடியில யாரு குரல் குடுத்தா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"செருமிக்கிட்டுத்தான குடுப்பீக?"

எழுந்தாள். வாசலுக்குப் போய், திரும்பாமலே சொன்னாள்: "இம்புட்டு நாளு நீங்க குடுத்தீக. இனி அவரு குரல அவரே குடுக்கட்டும்ணே."

என் வீடு சாவடியிலிருந்து கூப்பிடு தூரம். பங்குனி மாசம். இலை அசையாத புழுக்கம். நான் கும்பாவில் கூழைக் கரைத்துக்கொண்டிருந்தேன். ஏட்டு பேர் வாசிப்பது காதில் விழுந்தது. ஓடிப்போனவன் பேரையும் வாசித்து, பதில் இல்லை என்று எழுதிக்கொள்ள வேண்டும். அது முறை. தினமும் அந்த இடத்தில் ஒரு சின்ன இடைவெளி வரும்.

"பேயாண்டி."

இடைவெளி.

"க்கும்... இருக்கேன்."

கும்பா கையிலிருந்து விழுந்தது.

சற்று நேரத்தில் அழகுமலை வந்தான். ஆடு மேய்க்கிறவன். சாவடியில் எனக்கு இன்னொரு பக்கம் படுத்துக் கிடந்தவன். மேல்மூச்சு வாங்கினான்.

"ஏண்டா, பேரு அடிச்சாச்சுன்னா கொழுப்பா? இருட்டுல நின்னு வெளாட்டுக் காட்டுறியா?"

"நான் வீட்ட விட்டே வெளிய வரல."

"அப்ப யாரு குடுத்தா? ஏட்டு லாந்தரத் தூக்கி அம்புட்டு மூஞ்சியையும் பாத்தாரு." பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினான். "அவன் எப்பவும் உக்காருற எடத்துல தரை ஈரமா இருக்குடா. தொட்டுப் பாத்தேன். அம்புட்டுக் குளிரு."

மறுநாளும் பதில் வந்தது. அதற்கு மறுநாளும். நாலாம் நாள் ஏட்டு அந்தப் பேரை வாசிக்காமல் தாண்டினார்.

வாசிக்காமலே பதில் வந்தது.

சித்திரையில் கண்மாய் வற்றி, நடுவில் முழங்கால் அளவுக் குட்டை ஒன்றுதான் மிச்சம். நல்லகாமன் மேஸ்திரி சாயங்காலம் மாடு கழுவப் போனார். மாடுகள் மட்டும் வீட்டுக்கு வந்தன. நாங்கள் ஓடிப் பார்த்தபோது அந்த முழங்கால் தண்ணீரில் குப்புறக் கிடந்தார். புரட்டினோம். வெயிலில் கொதிக்கிற தண்ணீர். அவர் கை கால் நீலம் பாரித்து, மரக்கட்டையாக விறைத்திருந்தது. விரல் நகங்களுக்குள் பச்சைப் பாசி. எங்கள் கண்மாயில் அந்தப் பாசி கிடையாது.

வாயில் ஏதோ அசைந்தது.

அழகுமலை தாடையைப் பிடித்துத் திறந்தான். விரல் நீளத்தில் ஒரு மீன் துள்ளி மணலில் விழுந்தது. உயிரோடு.

உடம்பெல்லாம் செம்புள்ளி.

"இது என்ன மீனுடா?" என்றார்கள். எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

அழகுமலை மெல்ல எழுந்து என்னிடமிருந்து தள்ளிப் போய் நின்றான். "நான் மேட்டுல ஆடு பத்திக்கிட்டு இருந்தேன். எங்காதால கேட்டேன். நீதான கூப்ட்ட?"

"நானா?"

"அக்கரையிலருந்து கூப்ட்ட. 'அண்ணே, பாறைக்கு நடுவுல காலு மாட்டிக்கிருச்சு, வாங்கண்ணே'ன்னு. இந்தக் கண்மாயில பாறை எங்கடா இருக்குன்னு நானே நெனச்சேன். அவரு, 'எங்கிட்டுடா இருக்க?'ன்னு கேட்டாரு. நீ, 'இருக்கேன் சாமீ'ன்னு இழுத்துச் சொன்ன. அவரு எறங்கிப் போனாரு."

சாமியை இழுத்துச் சொன்னது யார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதை நான் எந்த ஏட்டிடம் சொல்ல? எப்படிச் சொல்ல?

என்னை ஸ்டேஷனில் வைத்து அடித்து விசாரித்தார்கள். கொலை என்று நிரூபிக்க முடியவில்லை. முழங்கால் தண்ணீரில் ஒருத்தன் எப்படிச் செத்தான் என்று டாக்டருக்கே புரியவில்லை. ஆனால் சந்தேகம் போதும். சிவப்பு மையால் அடித்த பேரைக் கருப்பு மையால் மறுபடியும் எழுதினார்கள். அதே இடத்தில். பேயாண்டிக்கு அடுத்து.

சாவடியில் எனக்கு இருபக்கமும் யாரும் உட்காரவில்லை. ஒரு பக்கம் தரை ஈரமாக இருந்தது.

"சிவனாண்டி."

நான் வாயைத் திறப்பதற்குள், என் தோளுக்குப் பக்கத்தில்:

"இருக்கேன் சாமி."

என் குரல். என் மூச்சு. காதில் சில்லென்று பட்டது.

"ஐயா, அது நான் இல்லய்யா!" என்று எழுந்து கத்தினேன்.

ஏட்டு தலை நிமிரவில்லை. "ஒரு தடவ சொன்னாப் போதும். உக்காரு."

அதன்பிறகு நான் எவ்வளவு முந்தினாலும் அது முந்திக்கொண்டது. முதலில் தோளுக்குப் பக்கத்திலிருந்து வந்த குரல், ஆடி மாசம் சாவடி வாசலிலிருந்து வந்தது. ஐப்பசியில் தெருவிலிருந்து. மார்கழியில் என் வீட்டுப் பக்கமிருந்து வந்தது. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஏட்டுக்குக் குரல் வந்தால் போதும். நான் சாவடியில் உட்கார்ந்திருக்க, என் குரல் நாளுக்கு ஒரு எட்டாக என் வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தது.

ஒச்சாயியிடம் எச்சரிக்கையாக இரு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகம் தெளிந்திருந்தது. தலையில் பூ இருந்தது. "முன்ன மாதிரி இல்ல, நல்லாப் பேசுறீக இப்ப," என்றாள். நான் அவளிடம் வாரக்கணக்கில் பேசவில்லை.

அந்த நாட்களில்தான் எனக்குத் தொண்டையில் ஏதோ அடைக்க ஆரம்பித்தது. எதைச் சொல்வதானாலும் முதலில் செரும வேண்டியிருந்தது.

அடுத்த வருஷம் வைகாசியில் ரேகைச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். ஏட்டு சாவடிக்கு வந்து, "இனிமே யாரும் வர வேண்டாம், அவனவன் வீட்டுக்குப் போங்கடா," என்று புத்தகத்தை மூடினார். அத்தனை பேரும் கத்திக்கொண்டு ஓடினார்கள். அழகுமலை தலைப்பாகையை மேலே வீசிக்கொண்டு ஓடினான். நான் கடைசியாக எழுந்தேன். கால் வரவில்லை. ஒரு கால் மரத்துப்போயிருந்தது. இழுத்து இழுத்துத்தான் நடந்தேன்.

வீட்டில் விளக்கு எரிந்தது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒச்சாயி சிரிக்கிற சத்தம்.

கதவைத் தட்டினேன்.

"யாரது?"

"க்கும்..." என்று செருமினேன். "நான்தான் ஒச்சாயி."

சிரிப்பு நின்றது. தாழ்ப்பாளை இறுக்குகிற சத்தம் கேட்டது. அவள் உள்ளே திரும்பி, நடுங்குகிற குரலில் சொன்னாள்: "இந்தாங்க... வெளியில... ஓடிப்போனாருல்ல பேயாண்டியண்ணே, அவரு குரல் மாதிரி இருக்கு. எனக்குப் பயமா இருக்கு. எங்க இருக்கீக?"

"இருக்கேன் சாமி," என்றது உள்ளேயிருந்து என் குரல்.

அவள் மறுபடியும் சிரித்தாள். பயம் போய்விட்டது.

நான் சுவரைப் பிடித்து நகர்ந்து ஜன்னலுக்குப் போனேன். வைகாசிப் புழுக்கம். என் இடுப்புக்குக் கீழே பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. குனிந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. என் பாயில், எனக்கு முதுகு காட்டி ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். என் வேட்டி. என் துண்டு. அவன் கால் பட்ட தரையெல்லாம் ஈரம். ஒச்சாயி வெறுங்காலோடு அந்த ஈரத்தை மிதித்து நடந்து சோறு போட்டாள். அவளுக்கு அது தெரியவில்லை.

அவளைக் கூப்பிட வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

அவன் மெல்லத் திரும்பினான். என் முகத்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

நான் கையைத் தூக்கினேன்.

அவன் சோற்றுக் கும்பாவைத் தூக்கினான்.